பத்துக்குப் பத்து

2009ஆம் ஆண்டு மே மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு மனித குலத்தின் அறியாமை முடிவுக்கு வந்தது. சான் ஹோசேயில் ஒரு டோனட் கடையின் மாடியில், 'மேலிடம்' நிறுவனத்தின் அலுவலகத்தில் இது முறைப்படி அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் நிறுவனர் ராண்டல் பிட்ஸ். கைதட்டியவர்கள் ஒன்பது பேர்.

தேடுபொறியில் யார் எதைத் தேடினாலும் தன் வாடிக்கையாளரின் பக்கத்தை மேலே கொண்டுவந்து நிறுத்துவது மேலிடத்தின் தொண்டு. அன்றைய பாராட்டு விழா ஓவன் ஹால்வர்சனுக்கு. அவன் இலக்கியத்தில் முதுகலை. முந்நூறு ஆண்டுப் பழமையான இரங்கற்பாக்களை ஆராய்ந்தவன். வேலைக்கு வந்த ஐந்து மாதத்தில் செல்லப் பிராணிகள் துறை முழுவதையும் எழுதி முடித்துவிட்டான். கால்நடை மருத்துவமனைகளை வர்ணித்து எழுதியது அதில் சிகரம். ஊர்ப் பெயர் வரும் இடத்தில் கோடு விட்டிருந்தான். கோட்டைக் கணினி நிரப்பியது. நானூறு ஊர்களில் நாலாயிரம் மருத்துவமனைகள் எழும்பின. ஒரு செங்கல் செலவாகவில்லை.

ராண்டல் ஒரு டோனட்டின் மேல் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வரலாற்றைச் சொன்னார். விழா எதுவானாலும் வரலாறு உண்டு.

"மொத யுகம், அகரவரிசை யுகம். அப்பல்லாம் மனுசங்களே உக்காந்து இணையதளங்களப் பட்டியல் போட்டாங்க. நான் பூட்டு ரிப்பேர் கடை வச்சிருந்தேன். இங்கிலீஷ் பட்டியல்ல மொத ஆளா நிக்கணும்னு 'ஏ ஏ ஏ பூட்டுக் கடை'னு பேர் வச்சேன். எதிர்க்கடைக்காரன் நாலு ஏ போட்டான். நான் அஞ்சு போட்டேன்."

பட்டியலைப் படித்தால் யாரோ யாரையோ அதட்டுவது போல இருந்ததாம்.

"ரெண்டாவது யுகத்துல இயந்திரம் வந்துச்சு. அது வார்த்தைய எண்ணும். வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்துல 'பூட்டு'ன்னு தொள்ளாயிரம் தடவ எழுதினேன். மனுசக் கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் மயங்கி விழுந்துடும். மூணாவது யுகம், சிபாரிசு யுகம். எவனை நாலு பேர் கைகாட்டுறானோ அவன் பெரியவன். நான் இருநூறு இணையதளம் கட்டினேன். ஒண்ண ஒண்ணு புகழ்ந்துக்கும். இப்ப நடக்கறது நாலாவது யுகம். இயந்திரம் நல்ல உரைநடை கேக்குது. அதான் இலக்கியம் படிச்சவனுக்கும் வேலை கெடச்சிருக்கு."

இலக்கியத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை இதுவரை செய்யப்படவில்லை. ஓவன் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டான். அப்போது அவன் கைபேசி அடித்தது. மனைவி மாரிசெல். கில்ராயில் வாடகை குறைவு என்று இரண்டு வாரத்துக்கு முன்புதான் அங்கே குடி போயிருந்தார்கள்.

"ஓவன், வாஃபிள் அரளியத் தின்னுட்டான். வேலியோரம் பூத்துக் கெடக்குல்ல, அது. வாயெல்லாம் இலை. நுரை தள்ளுறான்."

வாஃபிள் அவர்களுடைய நாய். மூன்று வயது.

"எவ்ளோ தின்னான்?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்? என்ன செய்யணும்னு தேடினேன். மொதல்ல வந்தத படிக்கிறேன், கேளு. 'நாய் அரளி தின்னலாமா? நாய் அரளி தின்னலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. நாய் அரளி தின்னலாமா என்று பார்ப்பதற்கு முன், நாய் என்றால் என்ன என்று பார்ப்போம்.' எந்தக் கிறுக்கன் எழுதினது இது?"

'நாய் அரளி' என்ற தொடர் அந்தப் பக்கத்தில் முப்பத்தொரு முறை வரும். எண்ணிப் போட்டவன் ஓவன்தான்.

"கீழ போ. இன்னும் கீழ."

"'என் சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில்...' தோட்டமே எட்டுப் பத்தி போகுது, ஓவன்! இங்க இவன் துடிக்கிறான்!"

எட்டுப் பத்தியும் காரணத்தோடு வைக்கப்பட்டவை. படிப்பவர் எவ்வளவு நேரம் தங்குகிறாரோ, பக்கத்துக்கு அவ்வளவு மதிப்பு. பதில் கிடைத்தவர் தங்கமாட்டார். ஆகவே பதில் கடைசி வரியில்தான் இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

"கடைசி வரியப் படி."

"'உடனே மருத்துவரை அணுகவும்.' இவ்ளோதானா? இத மேல சொல்லித் தொலச்சா என்ன?" இணைப்பு துண்டானது.

"வீட்லயா?" என்றார் ராண்டல்.

"நாய் அரளி தின்னுடுச்சு."

"அடடா. நம்ம பக்கத்தப் பாத்தாங்களா?"

"பாத்தா."

"எவ்ளோ நேரம் இருந்தாங்க?"

"நாலு நிமிஷம் இருக்கும்."

ராண்டலுக்குக் கண் கலங்கியது. "நாலு நிமிஷம்! கேட்டீங்களாடா? நாலு நிமிஷம்!"

மறுபடி கைதட்டினார்கள். மறுபடி மாரிசெல்.

"மூணு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். மூணுலயும் ஒரே பொம்பள எடுக்கறா. நாய்க்கு ஏற்கெனவே சீக்கு உண்டானு கேக்கறா. இப்பதாம்மா விஷம் தின்னுச்சுன்னேன். 'தின்றதுக்கு முன்னாடி கூப்பிட்டிருக்கலாமே மேடம்'ங்கறா."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வண்டில தூக்கிப் போட்டுக் கெளம்பிட்டேன். லிஸ்ட்ல மொதல்ல இருக்கறதுக்கே போறேன். மான்டெரே ரோட்டுல இருக்காம். நாலே முக்கால் நட்சத்திரம்."

ஓவன் தன் கணினிக்கு ஓடினான். மேலிடத்தின் வாடிக்கையாளர் பிராணிகளுக்குக் காப்பீடு விற்கும் நிறுவனம். அவன் எழுதிய எந்த மருத்துவமனையை அழைத்தாலும் மணி அங்கேதான் அடிக்கும். எந்தெந்த ஊர்ப் பெயரைக் கணினி நிரப்பியது என்று அவன் கேட்டதில்லை. கேட்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

அவன் உட்கார்ந்து 'கில்ராய் நாய் மருத்துவமனை' என்று அடித்தான்.

கருணை பிராணி மருத்துவமனை, கில்ராய். அன்புக்கரம் பிராணி மருத்துவமனை, கில்ராய். ஈரமூக்கு பிராணி மருத்துவமனை, கில்ராய். அவன் விட்ட கோடுகளில் ஊர்ப் பெயர் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. நட்சத்திரங்கள் மின்னின. அவற்றையும் அவன்தான் போட்டிருந்தான்.

ராண்டல் பின்னால் நின்று விரல் விட்டு எண்ணினார்.

"எட்டு, ஒம்போது, பத்து. பத்துக்குப் பத்து! மொதப் பக்கம் பூரா நம்மளுது! கில்ராயும் விழுந்துடுச்சா!" ஓடிப்போய், ஓர் ஊரைப் பிடித்தால் அடிக்கும் வெற்றி மணியை அடித்தார்.

"ராண்டல், இதுல நிஜ ஆஸ்பத்திரி எது?"

"நிஜமா?" ராண்டல் யோசித்தார். கேள்வி புதிது. "இருக்கும், தம்பி. ரெண்டாம் பக்கத்துல எங்கயாவது கெடக்கும். மூணாம் பக்கமாவும் இருக்கலாம்."

"அவங்க வைத்தியம் பாக்கறவங்க."

"அதான் பிரச்சினையே. நாள் பூரா வைத்தியம் பாத்துக்கிட்டிருந்தா மொதப் பக்கத்துக்கு எப்ப வர்றது?"

"நான் ரெண்டாம் பக்கம் போய்ப் பாக்கறேன்."

மணி அடித்த கை மணியிலேயே நின்றது.

"இந்த ஆபீஸ்ல இருந்து யாரும் அங்க போனதில்ல, ஓவன்," என்றார் ராண்டல் மெல்ல. "ஜனங்க அங்க போயிடக் கூடாதுன்னுதான் நாம இருக்கோம்."

ஓவனின் கை சுட்டியின் மேல் இருந்தபோது கைபேசி அடித்தது. பின்னணியில் இரும்பு உரசும் சத்தம். நாயின் முனகல்.

"இங்க டயர் கடை இருக்கு, ஓவன். ஆஸ்பத்திரி எங்கன்னு கேட்டேன். கடைக்காரர் சிரிக்கிறார். இந்த வாரத்துல நான் ஏழாவது ஆளாம். நேத்து ஒருத்தர் கிளியோட வந்து அழுதுட்டுப் போனாராம்."

"மாரிசெல், கேளு..."

"நீ கேளு. லிஸ்ட்ல மத்தது எல்லாத்தையும் இங்க நின்னே படிச்சேன். அஞ்சாவதுல ஒரு வரி. 'பனிக்காலையில் யாரோ போர்த்திவிட்ட கம்பளி போன்ற அக்கறை.' இது கல்யாணத்துக்கு முன்னாடி நீ எனக்கு எழுதின லெட்டர். எட்டாவதுலயும் அதே கம்பளி. எனக்குப் போத்தினத எடுத்து நாய் டாக்டருக்குப் போத்தியிருக்க."

ராண்டல் உதடசைத்துக் கேட்டார்: "இன்னும் நம்ம பக்கத்துலதான் இருக்காங்களா?"

"மாரிசெல், நான் வந்து..."

"சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். இவனுக்குக் கண்ணு சொருகுது. இந்தப் பத்துல நீ எழுதாதது ஒண்ணே ஒண்ணு சொல்லு. வண்டியத் திருப்புறேன்."