ஓடினால்தான் பாடும்

மாலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது, பிள்ளையார் கோயில் வாசலில் நின்ற கறுப்பு அம்பாசடரும் அதன் கூரையில் வாயைப் பிளந்துகொண்டிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும். (யாரோ அவற்றுக்கும் மாலை போட்டிருந்தார்கள்.) பின்சீட்டில் அக்காவைக் கட்டப்போகிற ஆத்தூர் மாப்பிள்ளை. முன்சீட்டில், மடியில் ஆம்ப்ளிஃபயரோடு, நான்.

அது என் சொந்தத் தயாரிப்பு. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம்; மின்சாரத்தில் இனித் தெரிந்துகொள்ள ஏதுமில்லை என்று நினைத்திருந்த காலம். ஊர்வலத்துக்கு என் செட்டே போதும் என்று, ரேடியோ செட்காரரையும் நாதஸ்வரத்தையும் வேண்டாமென்று அப்பாவைச் சொல்லவைத்திருந்தேன். முந்தின நாள் காரை ஹார்பர் ரோட்டில் விரட்டிச் சோதித்தபோது உப்பளத்தில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பா ஒன்றுதான் சொன்னார்: "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால மானத்த மட்டும் வாங்கிராதலே."

ஊர்வலம் கிளம்பியது. கார் ஊர்ந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா ஜன்னலில் குனிந்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். கூட்டினேன். பாட்டு செத்தது. குறைத்தேன், உயிர் வந்தது. கூட்டினேன், மறுபடி செத்தது. ஃபியூஸைத் துடைத்தேன். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மாட்டினேன். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். (இது பாடத்திட்டத்தில் இல்லை.)

"பாட்டுப் போடுதியளா தம்பி, இல்ல மௌன அஞ்சலியா?" என்றார் தாய்மாமா.

பக்கத்தில் நடந்துவந்த அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து நடந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். பாட்டு உச்சிக்குப் போகும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கியது. கார் நடை வேகத்தில் போனதால் பழைய டைனமோ பேட்டரிக்கு ஒன்றும் தரவில்லை. ஹெட்லைட், ஜோடனை பல்புகள், என் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தன. நேற்று கார் ஓடியது, அதனால் பாட்டும் ஓடியது. நானாகவே கண்டுபிடித்தேன், இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

"அண்ணாச்சி, வேகமாப் போங்க. ஓடுனாத்தான் பாடும்" என்றேன் டிரைவரிடம்.

"ஊர்வலம்லா தம்பி?"

"பாட்டு வேணுமா, வேண்டாமா?"

(விளக்குகளை அணைத்திருந்தாலே போதும் என்பது, மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.)

அண்ணாச்சி மிதித்தார். பாட்டு முழுத் தொண்டையில் கிளம்பியது. தெரு நெடுக ஜன்னல்கள் திறந்தன. காஸ் லைட் சுமந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஆத்தூர்ப் பெண்கள் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சதூரம் ஓடிவந்தார்கள். தாய்மாமா ஒற்றைச் செருப்போடு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. அவருக்கும் பின்னால் போட்டோக்காரர்.

"மச்சான், எங்காளுகள எங்க?" என்றார் மாப்பிள்ளை.

மண்டபத்தில் ஆரத்தி இன்னும் கரைத்திருக்கவில்லை. மாப்பிள்ளை வாசலில் மாலையும் கழுத்துமாகத் தனியாக நின்றார். கார் நின்றதும் பாட்டும் நின்றது. வேகமெடுத்த பிறகு வழியில் ஒரு தடவைகூட அது நிற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வெகுநேரம் கழித்து வந்துசேர்ந்த அப்பா மூச்சு வாங்கினார். "பாட்டு நல்லாத்தாம்லே கேட்டுச்சு" என்றார். "மாப்பிள்ளையத்தான் காணோம்."

இப்போதும் அக்கா அவசரப்படுத்தினால் அத்தான் கேட்பார்: "ஏன், பாட்டு நின்னுருமோ?"

கல்யாண ஆல்பத்தில் ஊர்வலப் படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஆத்தூர்க்காரர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கார் இல்லை.