ஸ்போர்ட்ஸ் கோட்டா முழங்கால்

"வலது காலா, இடது காலா?" என்று கேட்டாள் நிர்மலாதேவி, கையில் கட்டுத்துணியோடு.

"ரெண்டுல எதுலயாவது கட்டுட்டி, சீக்கிரம்!" என்றான் அவள் புருஷன் இசக்கிமணி.

"ஏன் இப்படி நடுங்குதிய? கால் ஆடினா எப்படிக் கட்ட?"

நடுங்காமல் என்ன செய்வான், பாவம்! இசக்கிமணி தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். விளையாட்டு ஒதுக்கீட்டில், கபடி வீரன் என்று வேலைக்கு வந்தவன். சான்றிதழில் பொய் கிடையாது. மாநிலப் போட்டிக்குப் போன மாவட்ட அணியில் அவன் பெயர் இருந்தது சத்தியம். ஆனால் போட்டி முடியும்வரை ஐயா பெஞ்சை விட்டு எழுந்தது, ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க மட்டும்தான். இந்தச் சங்கதி அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, வீட்டில் நிர்மலாதேவிக்கு மட்டும் தெரியும்.

அன்று காலை அலுவலகத்திலிருந்து சுபாஷ் போன் செய்திருந்தான். "அண்ணாச்சி, சென்னையில இருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பெரிய அதிகாரி வந்திருக்காரு. ஜீப்பை விட்டு இறங்கினதும் உங்களத்தான் கேக்காரு. கபடி கோட்டாவுல வந்த இசக்கிமணி எங்க, தனியா பாக்கணும்ங்காரு."

விளையாட்டு ஒதுக்கீட்டு ஆட்களை எல்லாம் துருவுகிறார்கள் என்று டீக்கடையில் ஏற்கெனவே ஒரு பேச்சு. இந்தத் தொப்பையோடு "கபடி கபடி" பாடச் சொன்னால் மூச்சு நின்றுவிடும். வேலை போனால் மகள் ஸ்வாதியின் காலேஜ் படிப்பு என்ன ஆவது? அதனால்தான் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று மெடிக்கல் லீவு சொல்லி, இந்தக் கட்டு.

கட்டி முடிப்பதற்குள் மறுபடியும் சுபாஷ்.

"அதிகாரி ரொம்ப வருத்தப்பட்டாரு அண்ணாச்சி. வீட்டுக்கே வந்து பாக்காராம். கிளம்பிட்டாரு."

"ஏலே, நான் வீட்டுல இல்லலே!"

"பின்ன எங்கன இருக்கிய?"

"குத்தாலத்துல... எண்ணெய் வைத்தியத்துக்கு!"

வாய் சொல்லிவிட்டது, கால் போக வேண்டியதாயிற்று. மெடிக்கல் லீவில் இருக்கிறவன் அனுமதி வாங்காமல் ஊரை விட்டுப் போனால் நடத்தை விதிப்படி அது தனிக் குற்றமாச்சே என்பது ஆட்டோவில் போகும்போதுதான் உறைத்தது.

குற்றாலத்தில் சாரல் பெய்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகிற வழியில், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் இசக்கிமணியைத் துண்டோடு உட்காரவைத்தார்.

"எங்கன வலிக்கு அண்ணாச்சி?"

"முழங்கால்ல. கட்டை அவுக்காதீரும்!"

"கட்டு மேல தேச்சா கட்டுக்குல்லா சுகமாகும்?" அவர் கட்டைப் பாதி உருவி, காலை மடக்கி நீட்டி ஓங்கி அறைந்தார். "ஒரு கேடும் இல்லையே! காளைமாடு கணக்கால்லா இருக்கு!"

இதை ஊருக்கே கேட்கும்படி சொன்னார், புண்ணியவான். பக்கத்தில் அலுவலக ஜீப் வந்து நின்றது.

"யாருங்க இங்க இசக்கிமணி?" என்றது ஒரு கனத்த குரல்.

அட முப்பிடாதி தாயே! இசக்கிமணி எழுந்து ஓடினான். உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் துண்டு, பின்னால் இழுபடும் கட்டுத்துணி. ஆடுகளத்தில் ஓடாத ஓட்டத்தை எல்லாம் சேர்த்து அன்று ஓடினான்.

"இசக்கிமணி! நில்லுங்க! ஒரே நிமிஷம்!"

அதிகாரியும் விடவில்லை. பாய்ந்து அவன் காலைப் பிடித்தார். எண்ணெய்க் கால் வழுக்கியது. அதிகாரி குப்புறச் சேற்றில் விழுந்தார்.

இசக்கிமணி ஒரு பழக்கடைக்குப் பின்னால், ரம்புட்டான் பெட்டிகளுக்கு நடுவே பதுங்கினான். கபடி ஆடாதவன், நொண்டாத கால், அனுமதியில்லாமல் ஊர் தாண்டியவன், இப்போது மேலதிகாரியைச் சேற்றில் தள்ளியவன். இனி சஸ்பெண்ட் எல்லாம் இல்லை, டிஸ்மிஸ்தான். ஸ்வாதியை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெட்டியை நகர்த்திக்கொண்டு ஜீப் டிரைவர் நல்லகண்ணு எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, என் வேலை போயிட்டா?" என்றான் இசக்கிமணி விசும்பலோடு.

நல்லகண்ணு தலையில் அடித்துக்கொண்டார்.

"நீரு வேற ஏம்வே! அவரும் கபடி கோட்டாவுல வேலைக்கு வந்தவருதானாம். நீரு போன அந்த மாநிலப் போட்டியில எதிர் டீம் பெஞ்சுல கடைசிவரைக்கும் உக்காந்திருந்தவரு இவருதானாம். ‘நானும் ஒரு நிமிசம்கூட ஆடலைங்கிறத அந்த ஆளு யாருகிட்டயாவது சொல்லிருவாரோ’ன்னு வழிபூரா எங்கிட்டப் புலம்பி, உம்ம கால்ல விழத்தான் துரத்திக்கிட்டு வந்தாரு!"