பௌர்ணமி அக்காவின் காலுக்குள் ஒரு மலை

கிரிவலமே போகாத கனிமொழியின் பாதத்திலும் மலை வந்து உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்த காலையில்தான் எனக்குப் பொறி தட்டியது. அதுவரை எங்கள் பெண்கள் விடுதியில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. இந்தத் திருவண்ணாமலையில் அண்ணாமலையாரைக் காலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடும் ஒரே ஜீவன் எங்கள் பௌர்ணமி அக்காதான்.

அக்காவின் உண்மைப் பெயர் ஆதார் கார்டுக்கு மட்டுமே தெரியும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிற வேலை. அடித்து அடித்துப் பேச்சும் மனுவாகிவிட்டது. "மேற்படி சாம்பார்ல உப்பு கம்மி. ஆவன செய்யுங்க" என்று வார்டன் அம்மாவிடம் தட்டை நீட்டுவார்.

பௌர்ணமி வந்தால் ஜெராக்ஸ் மெஷின் தீப்பிடித்தாலும் அக்கா மலை சுற்றக் கிளம்பிவிடுவார், வெறுங்காலோடு. அம்மா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபோது, "அவங்க பொழைச்சு வந்தா, என்னால நடக்க முடியற வரைக்கும் ஒரு பௌர்ணமியும் விடாம செருப்பில்லாம சுத்தறேன்" என்று வேண்டிக்கொண்டாராம். அம்மா பிழைத்து ஊரில் ஆடு மேய்க்கிறார். மகள் இங்கே சுற்றுகிறார்.

அப்படி ஒரு சுற்று முடிந்து வந்தபோதுதான் பாதத்தின் முன்பக்கம், விரல்களுக்குக் கீழே, சொரசொரப்பாக ஒரு தடிப்பு. அதில் கரும்புள்ளிகள். நாங்கள் முள் என்றோம். அக்கா எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"முள்ளா? நல்லா பாருங்கடி. மலையோட கல்லு. அவரே உள்ள வந்து உக்காந்துட்டாரு."

உட்கார்ந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டாமா? வெள்ளிக்கிழமை தோறும் பாதத்துக்குச் சந்தனம், குங்குமம். பொட்டு வைத்த காலோடு அக்கா நடக்க, புதிதாகத் துடைத்த தரையெல்லாம் மஞ்சளும் சிவப்பும்.

"யாருடி அது காலால கோலம் போட்டது?" என்று வார்டன் அம்மா துடைப்பத்தோடு வருவார்.

"மேற்படி கோலம் பிரசாதம்ங்க."

கல் வளர ஆரம்பித்தது. பக்கத்தில் குட்டியும் போட்டது. அக்கா சுடுமணலில் விட்ட வாத்து மாதிரி, பாதத்தின் ஓரத்தால் நடந்தார். வார்டன் அம்மா கால் ஆணி என்று தீர்ப்புச் சொல்லி, பிளேடோடு உட்கார்ந்தார். அக்கா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் ஓடிப்போனது. யாரோ சொன்னார்களென்று எருக்கம்பால் வைத்ததில் சுற்றியிருந்த நல்ல தோல் வெந்ததுதான் மிச்சம்.

"டாக்டர்கிட்ட போலாம்க்கா" என்றேன்.

"போனா மொதல்ல செருப்ப போடுன்னுவாங்க. அப்புறம் வெட்டணும், படுக்கணும்னுவாங்க. பௌர்ணமி வருதுடி. அம்மாவுக்காகச் சொன்ன வார்த்தை." அன்றைக்கு அவர் குரலில் மனு இல்லை.

இந்த நிலைமையில்தான், செல்போன் கடையில் வேலை பார்க்கும் கனிமொழி காலைத் தூக்கிக் காட்டினாள். அதே சொரசொரப்பு. அதே கரும்புள்ளி.

"க்கா, எனக்கும் கல்லு வந்துடுச்சு!"

அக்காவுக்கு வந்ததே கோபம். "உனக்கா? மலைய செல்ஃபிக்குப் பின்னாடிதானடி பார்த்திருக்க நீ! உன் கால்ல வந்து உக்கார அவருக்கு இன்னா தலையெழுத்து?"

மைக்ரோபயாலஜி படித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் மூளை அன்றுதான் வேலை செய்தது. இந்த இரண்டு கால்களும் மலையில் சந்திக்கவில்லை. பிறகு எங்கே? குளியலறையில்! எப்போதும் ஈரமான தரை, ஆணியில் தொங்கும் ஒரே ஒரு கால் தேய்க்கும் கல். மொத்த விடுதிக்கும் குதிகால் தேய்க்க அது ஒன்றுதான். அக்கா தன் மலையைத் தினமும் மெருகேற்றியதும் அதில்தான்.

இதைச் சொன்னால் நம்புவாரா? வேறு மாதிரி சொன்னேன். "உங்களுது ஒரிஜினல், கனியோடது டூப்ளிகேட்னு ஒரு டாக்டர் சொல்லிட்டா பிரச்னை முடிஞ்சுதுக்கா."

அக்கா அப்போதே ஆட்டோவில் ஏறிவிட்டார், கனியையும் என்னையும் இழுத்துக்கொண்டு.

தோல் டாக்டரம்மா அக்காவின் தடிப்பை இரண்டு விரலால் பக்கவாட்டில் அழுத்தினார். அக்கா நாற்காலியோடு எழுந்தார். டாக்டரம்மா மேல்தோலை லேசாகச் சுரண்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். பாத ரேகைகள் தடிப்பின் ஓரத்தோடு நின்றுபோயிருப்பதை எங்களுக்கும் காட்டினார். கனியின் பாதத்தையும் அதே மாதிரி பார்த்தார்.

"மரு. கையில வர்ற அதே மருதான். உடம்போட கனம் அமுக்கறதால உள்நோக்கி வளருது."

"மேற்படி கரும்புள்ளி, டாக்டர்? பாறை இல்லீங்களா?"

"சின்னச் சின்ன ரத்தக்குழாய்ங்க. உள்ள ரத்தம் உறைஞ்சு கறுத்திருக்கு. ஒரு வைரஸ் பண்ற வேலை. ஈரத் தரை, ஒருத்தர் தேய்ச்ச கல்ல இன்னொருத்தர் தேய்க்கிறது, இப்படித்தான் பரவும். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

கனி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அக்கா யாரையும் பார்க்கவில்லை.

"வெட்டணுங்களா?"

"வேணாம். பிளேடு பக்கமே போகாதீங்க. சுகர் இருக்கா? இல்லல்ல? அப்ப தினம் வெந்நீர்ல கால ஊறவெச்சு, செத்த தோல மட்டும் தேய்ச்சு எடுத்துட்டு, இந்த ஆசிட் மருந்த மரு மேல மட்டும் வைங்க. நல்ல தோல்ல படக்கூடாது. வாரக்கணக்கா, மாசக்கணக்காகூட ஆகும். கேக்கலன்னா உறையவெச்சு எடுக்கலாம்."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "பௌர்ணமிக்கு... வெறுங்கால்ல... நடக்கலாமா டாக்டர்?"

"வலி தாங்கினா நடங்க. பிளாஸ்திரி ஒட்டி நல்லா மூடிட்டு நடங்க. பின்னாடி வர்றவங்க காலும் காலுதானே?"

அக்கா சட்டென்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் சிரித்தார், அழுதார், கனிக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். "ரெண்டும் டூப்ளிகேட்டுடி" என்றார். இத்தனை நிம்மதியான தோல்வியை நான் பார்த்ததில்லை.

அன்று மாலையே குளியலறைக் கதவில் தாள் ஒட்டப்பட்டது: 'மேற்படி கல் அப்புறப்படுத்தப்பட்டது. இனி அவரவர் கல், அவரவர் துண்டு, அவரவர் செருப்பு. மீறுவோர் மருவுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' குளியலறைக்குள் செருப்பு போட வேண்டுதலில் தடை இல்லை என்று அக்கா தனக்குத் தானே ஆணையும் பிறப்பித்துக்கொண்டார். அக்காவும் கனியும் ஆளுக்கொரு பக்கெட்டில் காலை விட்டுக்கொண்டு, யார் மரு முதலில் தேயும் என்று சண்டை போட்டார்கள்.

பௌர்ணமிக்கு அக்கா பிளாஸ்திரி ஒட்டிய காலோடு, உட்கார்ந்து உட்கார்ந்து சுற்றி முடித்தார். கனியும் கூட வந்தாள், செல்ஃபி எடுக்க மறந்தாள்.

கனியின் மரு போய்விட்டது. அக்காவுடையது குட்டியை இழந்தாலும் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வாரம் உறையவைக்கப் போகிறார்கள். "ஐஸ்தானடி, நானே போய்ட்டு வந்துடுவேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லும்போதே என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்கிறார். அன்றைக்கு எனக்கு மாதிரித் தேர்வு ஒன்று இருக்கிறது. தேர்வுக்கு வரவில்லை என்று பயிற்சி மையத்தில் சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.