ஆண்டி முருகனும் ‘கையிலென்ன’ அண்ணனும்

எழுபதுகளின் போடிநாயக்கனூரில் சாமியை நேரில் பார்ப்பதுகூடச் சுலபம். சாமி படம் வாங்குவதுதான் கஷ்டம். அப்படி ஒரு நிலைமையை ஊருக்கு உண்டாக்கிய பெருமை ஒரே ஒரு ஆளைச் சேரும். பஸ் ஸ்டாண்டு பக்கம் படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது, ஊரில் யாருக்குமே தெரிந்த மாதிரி இல்லை. எல்லோருக்கும் அவர் ‘கையிலென்ன’.

கடைக்குள் நுழைந்து எந்தச் சாமி படத்தைக் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். “கையில என்ன?” அதாவது, அந்தச் சாமியின் கையில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்குப் படம் கிடையாது. காதில் கண்ணாடி அறுக்கும் கட்டரைச் செருகிக்கொண்டு, அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டும் ஒருவன் ஒருநாள் அவசரமாக வந்து பிள்ளையார் படம் கேட்டான்.

“கையில என்ன?”

“கொழுக்கட்டை.”

“அவருக்கு நாலு கையி. மிச்சத்துல?”

“அண்ணே, லோடு ஏத்திட்டு வந்திருக்கேன், வெரசாக் குடுங்க.”

“ஒண்ணுல பாசக்கயிறு. இழுத்து நிறுத்த. ஒண்ணுல அங்குசம். முடுக்கி விட. பிரேக்கும் ஆக்சிலேட்டரும்டா அது! இதுகூடத் தெரியாமலா அந்த மலை ரோட்டுல ஜனங்களை ஏத்திட்டுப் போறே?”

அன்று அந்த ஜீப்பில் உட்கார்ந்திருந்த நான்கு பேர் இறங்கி, நடந்தே போய்விட்டார்கள்.

ஏலக்காய் வியாபாரி ஒருவர் வந்தார். உட்கார்ந்த லட்சுமிதான் வேண்டும், நின்ற லட்சுமி நடந்து போய்விடுவாள் என்றார்.

“எதுமேல உக்காந்திருக்கா?”

“தாமரைப் பூவு மேல.”

“தாமரை எங்க மொளைக்குது? சேத்துல. சேறு பூவுல ஒட்டுதா? அழுக்கு ஒட்டாம சம்பாதிக்கிறவன் வீட்டுலதான் அவ உக்காருவா. வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏத்துறதை விட்டுட்டு வாங்க, தாரேன்.”

வியாபாரி சிவந்துபோய் வெளியேறினார். காய்க்குப் பச்சை ஏற்றியவர் முகத்தில் சிவப்பு ஏறியது என்று ஊரே சிரித்தது.

இதனால் பிழைத்தவர் பக்கத்து டீக்கடை பாய். பத்து வருஷமாக அந்தக் கேள்விகளைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டு, எல்லாப் பதிலும் அவருக்கு மனப்பாடம். “துர்க்கையா மாப்ளே? எட்டுக் கையி. நேரம் எடுக்கும். மொத டீயைக் குடி, ஒவ்வொண்ணாச் சொல்றேன்” என்பார். பாயிடம் படித்துவிட்டுப் போனவர்கள் ஒருவரும் தோற்றதில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு ராசிங்காபுரத்தில் பெண் பார்த்து நிச்சயமும் ஆயிற்று. பெண்ணை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது என் தாய்மாமா தனியாகப் போய், மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். பெண்ணின் அப்பாவிடம் இருந்ததே ஒரு கிணற்றுத் தோட்டம்தான். எனக்கு விஷயம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. மாமாவிடம் பயம் பாதி, மோட்டார் சைக்கிள் ஆசை பாதி. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, பெண் வீட்டுச் சீர் டிராக்டரில் வந்து இறங்கியது. தட்டுகளுக்கு நடுவே செய்தித்தாள் சுற்றிய ஒரு சாமி படம். மாமா பிரித்தார். கோவணம் கட்டி, கையில் தண்டத்தோடு நிற்கும் பழனி ஆண்டி!

ஆண்டிக் கோலத்து முருகனை வீட்டில் மாட்டினால் குடும்பமே ஆண்டியாகிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமா குதித்தார்.

“எங்க வீட்டை ஆண்டியாக்கப் பாக்குறீகளா? ஏத்துங்கய்யா தட்டை! இந்தக் கல்யாணம் நடக்காது!”

“சத்தியமா வள்ளி தெய்வானையோட இருக்குற முருகனைத்தாங்க கேட்டேன்” என்றார் பெண்ணின் அப்பா. “காயிதம் சுத்திக் கட்டிக் குடுத்தது அந்தக் கடைக்காரரு.”

ஒருவன் சைக்கிளில் பறந்து போய்க் கையிலென்னவை ஏற்றிக்கொண்டு வந்தான். அவர் வந்ததும் யாரையும் பார்க்கவில்லை. சாய்ந்து கிடந்த படத்தை எடுத்து, துண்டால் துடைத்து நேராக நிறுத்திவிட்டு மாமாவிடம் திரும்பினார்.

“கையில என்ன?”

“என்னய்யா கேள்வி? தண்டம்.”

“இன்னொரு கையி?”

“இடுப்புல வச்சிருக்காரு.”

“சரி. பிச்சை கேக்குறவன் கையி எப்பிடி இருக்கும்?”

மாமா யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டினார். “இப்பிடி இருக்கும்.”

“முருகன் அப்பிடி நீட்டியிருக்காரா?”

மாமா படத்தைப் பார்த்தார். “இல்ல.”

“இடுப்புல கை வச்சு நிக்கிறவரு ஆருகிட்டயும் எதையும் கேக்காதவரு அண்ணே. ஆண்டின்னா ஒண்ணும் இல்லாதவன்னு ஆரு சொன்னா? எனக்கு ஒண்ணும் வேணாம்னு சொன்னவன்! எங்க மாப்ளே வீடு கை நீட்டாத வீடுன்னு பெருமையா இந்தப் படத்தைக் கொண்டாந்திருக்காக. வேண்டாம்னா சொல்லுங்க, எடுத்துட்டுப் போறேன்.”

வீடே மாமாவைப் பார்த்தது. அவருடைய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. சட்டென்று இழுத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் இடுப்பில் வைத்துக்கொண்டார். முருகனைப் போலவே நின்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. “மாமா, எனக்கு மோட்டார் சைக்கிள் வேண்டாம்.”

“எந்த மோட்டாரு சைக்கிளு?” என்றார் மாமா. “ஆரு கேட்டது? படத்தை நடுக்கூடத்துல மாட்டுங்கடா! வந்தவுகளுக்குக் காப்பி கொண்டாங்க!”

என் வருங்கால மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மறுநாள் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கையிலென்ன பந்தியில் மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தார்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போய்க் கேட்டேன். “அண்ணே, அன்னிக்குப் படம் மாறிப்போச்சா, இல்ல மாத்துனீங்களா?”

கண்ணாடியை அறுத்துக்கொண்டே சொன்னார். “ஒன் மாமனார் வந்து வள்ளி தெய்வானை படம் கேட்டாரு. வழக்கம்போல கையில என்னன்னு கேட்டேன். அவரு படத்தைப் பாக்கல தம்பி. தன் கையில இருந்த மஞ்சப் பையைப் பாத்தாரு. ‘தோட்டத்துப் பத்திரம்யா, மாப்ளே வண்டி கேக்குறாக’ன்னாரு. நான் வள்ளி தெய்வானையை எடுத்து உள்ள வச்சுட்டேன்.”

அந்தத் தோட்டம் இன்றும் என் மாமனார் குடும்பத்திடமே இருக்கிறது. ஆண்டி எங்கள் கூடத்தில் இருக்கிறார், நாங்கள் ஆண்டியாகவில்லை. தினமும் காலையில் அவருக்கு முன்னால் நிற்கும்போது கையில் இருக்கும் காப்பி டம்ளரையும் பேப்பரையும் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு கும்பிடுகிறேன். அண்ணன் பார்த்தால் சந்தோஷப்படுவார்.