ஸ் விட்டுப்போன பதாகை

குருபோங், மலாக்கா
18 ஆகஸ்ட் 1996

பெரும் மதிப்புக்குரிய சம்பந்தி அங்கமுத்து அவர்களுக்கு, முனுசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மகள் வாணியும் மாரியம்மன் தயவில் இருக்கிறோம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மா ராஜம்மாவும் மாப்பிள்ளை திலீப்பும் அவருடைய மோட்டார் சைக்கிளும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இதுவரை யாராவது எழுதித் தர, நான் கட்டைவிரல் உருட்டுவேன். இந்தக் கடிதம் முழுவதும் என் கை. கோயில் மண்டபத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் கற்றது. வாணியின் ‘ணி’ எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் படியுங்கள். இனி வருவது அழகான விஷயம் இல்லை.

உங்கள் மருமகளுக்கு மறதி நோய் கிடையாது. நேற்று உங்கள் ஊர் மெர்லிமாவிலிருந்து வந்த என் பழைய தோட்டத்துக் கூட்டாளி நாகமுத்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்கிறான்: “ஏண்டா முனுசாமி, ஒம் மகளுக்கு எல்லாம் மறந்து போவுதாமே! அடுப்ப அணைக்காம வீட்டக் கொளுத்திப்புடுவான்னு சம்பந்தி வீட்டுல பேசிக்கிறாங்க. புருசன் மொகமாச்சும் நெனவிருக்கா?” வாணி உள்ளே இருந்து, “போன தீவாளிக்கு எங்க அப்பாகிட்ட வாங்கிட்டுப் போன டார்ச்லைட் நெனவிருக்கு மாமா, கொண்டாந்தீங்களா?” என்றாள். அதற்குப் பிறகு அவன் டீ கூடக் குடிக்கவில்லை. இதையெல்லாம் ஊரில் பரப்புவது சம்பந்தியம்மா வாய்தான் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் நியாயஸ்தர். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவளுக்கு இருப்பது லூப்பஸ். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். உடம்புக்குக் காவலாக இருக்க வேண்டிய சக்தி, திருடன் என்று நினைத்து உடம்பையே அடிக்கிறது. நம் தோட்டத்துக் காவல்கார ஜாகா ஒருமுறை இருட்டில் கணக்கெழுதும் கிராணியையே தடியால் போட்டாரே, அந்த மாதிரி. கை கால் மூட்டு வலிக்கும், எழுந்திருக்க முடியாமல் அசதி வரும், வெயில் பட்டால் இரண்டு கன்னமும் சிவந்துவிடும். ஒட்டுவாரொட்டி இல்லை. அடியோடு போகாது, ஆனால் மாத்திரையில் அடங்கி இருக்கும். இது தெரியாமல் சம்பந்தியம்மா, “கன்னத்துல செவப்புப் பவுடர் பூசிக்கிட்டு, நடிகை மாதிரி கொடை புடிச்சுக்கிட்டு, வேலன்னா படுத்துக்கிறா” என்றார். “தீவாளிக்குள்ள கொணமாயி வந்தா வரட்டும், இல்லாட்டி அப்பன் வூட்டுலயே இருக்கட்டும்” என்று மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். அடியோடு போகாத நோய்க்குத் தீபாவளி கெடு வைத்தால் என் மகள் எங்கே போவாள், நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் நடைப்பயணத்தில் சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக்கு வரும் லூப்பஸ்காரர்கள் சேர்ந்து, இந்த நோயை நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும் என்று கிளேபாங்கில் கடலோரமாக நடக்க ஏற்பாடு செய்தார்கள். நீங்கள் இருவரும் வந்து பார்த்தால் புரிந்துவிடும் என்று ஆள் விட்டுச் சொன்னேன். வரவில்லை. பதாகை எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வகுப்பு டீச்சர் பவானேஸ்வரி பென்சிலால் கோடு போட்டுத் தந்து, “கடைசியில ஸ் போட மறக்காதீங்க ஐயா” என்றார். எங்கள் பாடப் புத்தகத்தில் ஜ, ஷ, ஸ எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. நாங்கள் அதுவரை போகவில்லை. படிக்காததை எப்படி எழுதுவது? இடம் வேறு மொட்டையாகத் தெரிந்தது. எனக்கு நன்றாக வரும் துணைக்கால் ஒன்றை நிறுத்தினேன். லூப்பஸ், லூப்பா ஆகிவிட்டது. சிவப்புப் பெயிண்டில் பார்க்க அவ்வளவு லட்சணம்.

அன்று காலை, வெயில் ஏறுவதற்குள் நடந்து முடித்துவிட வேண்டும் என்று விடியும்போதே போய் நின்றோம். கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. வருகிறார், வருகிறார் என்றார்கள், வந்தது வெயில்தான். வெயில் ஆகாத நோய்க்காக, வெயில் ஆகாதவர்களை எல்லாம் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தோம் சம்பந்தி! எல்லோரும் குடையை விரித்தார்கள். அந்தப் பக்கம் வந்த ஒரு பெண் வாணியிடம், “கொடை எவ்வளவுமா, வெல கொறைக்க மாட்டீங்களா?” என்று கேட்டாள். ஒரு வழியாக அவர் வந்து இறங்கினார். சர்க்கரை வியாதியைப் பற்றி நன்றாகப் பேசிவிட்டுப் போனார்.

நடக்கத் தொடங்கியதும் முன்னால் போன இளவட்டங்கள் பதாகையைப் பார்த்து, “லூப்பா! லூப்பா!” என்று கோஷம் போட்டார்கள். மலாயில் லுப்பா என்றால் மறதி. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நான் எழுதியதை இத்தனை பேர் உரக்க வாசிக்கிறார்களே என்ற சந்தோஷத்தில் காதில் ஏறவில்லை. ரோட்டோரக் கடை மலாய்க்காரர்தான், “பாக்சிக், லுப்பா அப்பா?” என்றார். பெரியவரே, எதை மறந்தீர்கள் என்று கேட்கிறார். மறக்கவில்லை, இன்னும் படிக்கவே இல்லை என்று நான் மலாயில் விளக்கி முடிப்பதற்குள் ஊர்வலம் வளைவு தாண்டிப் போய்விட்டது.

ஆகவே மறதி என்பது என் துணைக்கால் செய்த வேலை. வாணிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மாமியார் சொன்னது ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். இந்தக் கடிதத்துக்காகவே டீச்சர் வீட்டுக்குப் போய் அந்தக் கடைசிப் பக்கம் முழுவதும், ஸ் வரை, கற்றுக்கொண்டு வந்தேன். ஸ் வந்ததால்தான் உங்களை நியாயஸ்தர் என்று எழுத முடிந்தது. சம்பந்தியம்மாவுக்கு எடுத்துச் சொல்லி, நோயோடு என் மகளை ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் அம்மன் நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். இரண்டில் எது முதலில் என்று அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தன் கையாலேயே,
முனுசாமி

பி.கு.: நான் மெதுவாக எழுதுகிறவன். பெயரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் சம்பந்தியம்மா எதிரில் நிற்கிறார். “என்னா சம்பந்தி, லெட்டரா? படிங்க கேப்போம்” என்றார். அவர் வரும் இடங்களை விட்டுவிட்டுப் படித்தேன். “இத்தினி பெரிய பேப்பர்ல என்னப் பத்தி ஒண்ணுமே இல்லியா?” என்று கோபித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “நாங்க ரெண்டு பேரும் கிளேபாங்குக்கு வந்தோம்லா. நீங்கதான் பாக்கல, துணியவே பாத்துக்கிட்டு நின்னீங்க. இவ வந்து நின்னப்ப கன்னம் வெறுமனே இருந்துச்சு. அந்தப் பெரிய மனுசன் வர்றதுக்குள்ள என் கண்ணு முன்னாலயே செவந்து போச்சு. எந்தப் பவுடரு அப்படி ஏறும்? மறதின்னு ஊரெல்லாம் சொன்னது ஒங்க சம்பந்தி. நான் இல்லன்னு சொல்லச் சொல்ல, ‘பேனர்லயே போட்டிருக்குடி, ஒனக்குப் படிக்கத் தெரியுமா’ன்னாரு.”

ஆகவே, மேலே வாயைப் பற்றி வரும் இடத்தில் சம்பந்தியம்மா என்பதை நீங்கள் என்று மாற்றிப் படிக்கவும். வாணியை அழைத்துப்போகத்தான் வந்தாராம். அவளும் பெட்டி கட்டிவிட்டாள். பஸ் வந்து நின்றும் சம்பந்தியம்மா விடவில்லை. “வெயில் தாழட்டும், அடுத்த பஸ்ஸுல போவலாம்” என்று குடையோடு உட்கார்ந்திருக்கிறார். பதாகையையும் எடுத்து வருகிறார். வாணி படுக்கும் அறை ஜன்னலுக்குத் திரையாகத் தைக்கப் போகிறாராம். தைக்கும்போது அந்தத் துணைக்காலை மறைத்து ஒரு ஸ் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எழுத்து வேண்டுமென்றால், மேலே நியாயஸ்தரில் ஒன்று வீணாகக் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளவும்.