காலமான அங்கிளின் மாத்திரை

தான் இறந்துபோன செய்தியைத் தானே இத்தனை பணிவாகச் சொன்ன மனிதர் ஹூஸ்டனிலேயே அவர் ஒருவர்தான். எங்கள் அபார்ட்மெண்டில் அவருக்குப் பெயரே ‘காலமான அங்கிள்’.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஹில்கிராஃப்ட்டில் மளிகைக் கடை வேலைக்குப் போகும் வழியில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன்.

முதல் நாள் கூப்பிடப் போனேன். பட்டப்பகலில் ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. சுவரில் அவர் படம். படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு. அதன் கீழே அவரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“யார் அங்கிள் இது?”

“நான்தான் தம்பி. போய் ஆறு மாசம் ஆச்சு. உடம்புக்கு மட்டும் விஷயம் தெரியல, மெஷின்ல ஓடிக்கிட்டிருக்கு.”

சீக்கிரமே அந்த மெஷினையும் நிறுத்தச் சொன்னார். டாக்டரம்மா தமிழ்ப் பெண். மாலை போட்ட படத்தைப் பற்றி அவரிடம் போட்டுக்கொடுத்தது நான்தான்.

“நிறுத்துறது உங்க இஷ்டம், அங்கிள். ஆனா முடிவு நீங்க பண்ணணும், டிப்ரஷன் பண்ணக்கூடாது. கிட்னிக்கு ஒத்துக்கிற சின்ன டோஸ் தர்றேன். ஆறு வாரம் டைம் குடுங்க.”

“கிட்னி போனவன் சோகமா இல்லாம டான்ஸா ஆடுவான்?”

“சோகம் வேற. இது வேற.”

தலையாட்டி வாங்கிக்கொண்டார். பதினோரு நாள் கழித்து உள்ளே போனால், படத்துக்கு முன்னால் வாழையிலைத் துண்டு. அதில் பதினோரு மாத்திரை, வரிசையாக.

“டாக்டர் அவருக்குத்தானே குடுத்தாங்க” என்று படத்தைக் காட்டினார். குரலில் விளையாட்டே இல்லை. காற்று நுழையாத அந்த அறையில் விளக்கின் சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.

எனக்கு வாய் ஒன்றுதான் படிப்பு. “சரி அங்கிள். படைச்சதை அப்புறம் யார் சாப்பிடுவாங்க?”

“வீட்ல இருக்கறவங்க.”

“வீட்ல யார் இருக்கா?”

அறை முழுவதும் சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் அகப்படவில்லை. “அது நியாயம்தான்” என்று மெல்லக் கையை நீட்டினார். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற பத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரம்மாவுக்கு போன் பண்ணினேன்.

அதிலிருந்து தினமும் காலையில் என் கண்ணெதிரே ஒரு மாத்திரை படையல், உடனே பந்தி. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதே இருட்டு, அதே பேச்சு. எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

ஆறாவது வாரம், ஒரு டயாலிசிஸ் நாள். ஃப்ரீவேயில் பெரிய லாரி ஒன்று எங்களை உரசுவதுபோல் போனது. அங்கிள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ், மெதுவா போய்யா. சாகடிச்சுடுவே போலிருக்கே.”

அன்று அவர் சொன்னபடியே மெதுவாக ஓட்டியதில் கடைக்கு முக்கால் மணி நேரம் தாமதம். இன்றுவரை, அவர் காரில் இருந்தால் நான் ஃப்ரீவே பக்கமே போவதில்லை.