சிங்கத்தின் பிரவுசரும் அங்கம்மாளின் தண்ணீரும்

நெட்வொர்க் பாதி நேரம் வரும், பாதி நேரம் வராத ஒரு காட்டில், செவ்வந்தி என்றொரு தேவாங்கு வெப்சைட் செய்து பிழைத்து வந்தது. அந்தக் காட்டுக்குச் சிங்கம் ராஜா. நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் ஏது என்று கேட்காதீர்கள். கதை என்று வந்துவிட்டால் ராஜா சிங்கம்தான். அந்தப் பதவிக்கு வேறு யாரும் மனுப் போட முடியாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குளமெல்லாம் வற்றி, ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் மிச்சம். முண்டியடித்த கூட்டத்தில் ஒரு மான்குட்டி மிதிபட்டுச் செத்தது. இனி டோக்கன் இருந்தால்தான் தண்ணீர், டோக்கன் வெப்சைட்டில்தான் கிடைக்கும் என்று அரண்மனை அறிவித்தது. அந்த வெப்சைட்டைச் செய்யும் வேலை செவ்வந்திக்கு வந்தது.

செவ்வந்தி நிதானமான பிராணி. அது ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தூக்கம் வந்துவிடும். வேலையும் அப்படித்தான். இணையத்துக்கென்று உலகம் ஒத்துக்கொண்ட விதிகளை ஒன்று விடாமல் மதித்து, தலைப்பைத் தலைப்பு என்றும் பட்டனைப் பட்டன் என்றும் உள்ளே குறித்து, ஒரு பக்கம் செய்தது. முயலின் மலிவு போனிலும் அது திறந்தது, யானையின் பெரிய திரையிலும் திறந்தது. அங்கம்மாள் என்ற வயசான காட்டெருமைக்கு இரண்டு கண்ணும் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கருவி ஒன்றைக் காதில் மாட்டியிருக்கும். அதற்கும் அந்தப் பக்கம் வரிசையாகப் பேசியது. அங்கம்மாள் பேரைச் சொன்னது, நேரத்தைக் குறித்தது, டோக்கனை வாங்கியது, மடுவுக்குப் போய் வயிறாரக் குடித்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் அரண்மனையின் இணையத்துறை அதிகாரி வேதமூர்த்தி வந்து சேர்ந்தது. வேதமூர்த்தி ஒரு கீரி.

"செவ்வந்தி, ராஜா நம்ம பக்கத்தைத் திறந்து பார்த்தாரு."

"சந்தோஷங்க ஐயா."

"ராணியோட போன்ல பட்டன் மூலையெல்லாம் வளைஞ்சு வழவழன்னு இருக்கு. அவரு கம்ப்யூட்டர்ல கூரா இருக்கு. தனக்கு மட்டும் ஏன் குத்துதுன்னு கேக்குறாரு."

"அவரோட பிரவுசர் ரொம்பப் பழசுங்க. மூலையை வளைக்க அதுக்குத் தெரியாது. ஆனா அழுத்தினா வேலை செய்யுதே. புது பிரவுசர் போட்டுட்டா தானா வளைஞ்சிடும்."

கீரி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "நீங்க பழசாயிட்டீங்க, மாத்திக்குங்கன்னு ராஜாகிட்ட யாரும்மா சொல்றது? முன்னாடி ஒரு தடவை திரையிலயே அப்படி ஒரு அறிவிப்பு வந்துச்சு. கம்ப்யூட்டரைப் பொருத்திக் குடுத்த மரங்கொத்தி இன்னும் ஜெயில்ல இருக்கு."

செவ்வந்தி சிஎஸ்எஸ்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்தது. பக்கத்தில் எது எந்த நிறம், எந்த அளவு, எந்த இடம் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். சிங்கத்தின் பிரவுசருக்காக ஒரு வரியை மாற்றினால், நரியின் போனில் தலைப்பு பட்டன்மேல் ஏறிப் படுத்தது. நரிக்குச் சரிசெய்தால், யானையின் திரையில் பக்கம் மொத்தமும் இடதுபுறம் சரிந்தது. கடைசியில் சிங்கத்தின் பிரவுசர் மட்டும் படிக்கிற மாதிரி ஒரு தனிக் கோப்பு எழுதி எல்லாரையும் சமாதானப்படுத்தியது. எழுத்து நேரானது, இடைவெளி நேரானது. மூலை மட்டும் மசியவில்லை.

"விடுங்க," என்றது வேதமூர்த்தி. "ராணி போன்ல தெரியுற பக்கத்தை அப்படியே ஒரு படமா எடுத்து ஒட்டிடுங்க. எந்த பிரவுசர்ல பார்த்தாலும் ஒண்ணாத் தெரியும். இதுக்குப் பேருதான் சமத்துவம்."

செவ்வந்திக்கு அது தப்பு என்று தெரியும். மரங்கொத்தியின் கதையும் தெரியும். படத்தை ஒட்டி, அதில் பட்டன் தெரிகிற இடத்தைக் குறிபார்த்து அழுத்தினால் டோக்கன் வருகிற மாதிரி வைத்தது.

ராஜா மகிழ்ந்தார். அங்கம்மாளின் காதில் மட்டும் கருவி, "படம், படம், படம்" என்று சொல்லிவிட்டு ஓய்ந்தது. டோக்கன் இல்லாமல் மடுவுக்குப் போன அங்கம்மாளைக் காவல் நின்ற கரடி நிறுத்தியது.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது பெரியம்மா," என்றது கரடி. "புரிஞ்சா உள்ள விடச் சொல்லி உத்தரவு இல்லை."

அங்கம்மாள் நாக்கு வறண்டு செவ்வந்தியின் மரத்தடிக்கு வந்து நின்றது. "பக்கம் ரொம்ப அழகா ஆயிடுச்சாமே செவ்வந்தி. எனக்குத்தான் அதுல தண்ணி எங்க இருக்குன்னு தெரியலை." அதன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் செவ்வந்திக்கு எளிதாக இருந்திருக்கும். அன்று செவ்வந்தி சாப்பிடவில்லை. நேராக அதிகாரியிடம் போனது.

"கண்ணு தெரியாதவங்களுக்கு வெப்சைட் எதுக்கு?" என்றது வேதமூர்த்தி. "அவங்க என்ன, படமா பார்க்கப் போறாங்க?"

"அதைத்தாங்க நானும் சொல்றேன். அங்க படம் மட்டும்தானே இருக்கு."

கீரிக்கு விளங்கவில்லை. விளங்காததை ஒத்துக்கொள்ளவும் மனசில்லை. "சரி, ஓரமா ஒரு வழி போட்டுக் குடுங்க. ராஜா கண்ணுல படாம இருக்கட்டும்."

செவ்வந்தி ஓரத்தில் ஒரு சின்ன இணைப்பு வைத்தது: 'காதால் கேட்போர் இங்கே வரவும்.' உள்ளே படம் இல்லை, பகட்டு இல்லை. வெறும் எழுத்தும் ஒரு பட்டனும். அங்கம்மாள் கண்மூடித் திறப்பதற்குள் டோக்கன் எடுத்துவிட்டது.

அங்கேதான் வம்பு வந்தது. மற்ற மிருகங்களின் போனில் அந்தப் பெரிய படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி முடிவதற்குள் காலை நேர டோக்கனெல்லாம் தீர்ந்துவிடும். ஓர வழியில் போனால் உடனே கிடைக்கிறது என்று குரங்குகள் கண்டுபிடித்தன. மறுநாள் மடுவுக்குப் போகிற பாதையில் மான்களும் பன்றிகளும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மரத்துக்கு மரம் முட்டிக்கொண்டு வந்தன. எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் பார்வை போன அதிசயத்தைக் கரடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பியது.

ராஜாவுக்கு டோக்கன் தேவையே இல்லை. இருந்தாலும், தான் போகாத நல்ல வழி ஒன்று காட்டில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஓர வழி அரசுக் குடும்பத்துக்கும் அதிகாரிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. மனிதர்கள் யாரும் புகுந்துவிடக் கூடாது என்று வாசலில் ஒரு பரிசோதனையும் வைத்தார்கள். 'நான் மனிதன் அல்ல' என்ற கட்டத்தை அழுத்த வேண்டும். பிறகு, கோணல்மாணலாக நெளியும் எழுத்துகளைப் படத்தில் பார்த்து அப்படியே எழுத வேண்டும்.

அங்கம்மாளின் காதில் மறுபடியும், "படம்."

"என்னை மனுஷின்னு நினைச்சுட்டாங்க போல," என்று சொல்லி அங்கம்மாள் படுத்துவிட்டது. அதன் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இன்னும் கொஞ்ச நாள் போனால் அது எழுந்திருக்காது என்பது செவ்வந்திக்குப் புரிந்தது. மேலே போய் முறையிட்டால் இன்னொரு நல்ல வழி போடச் சொல்வார்கள், அதையும் எடுத்துக்கொள்வார்கள்.

தேவாங்கு தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக அவசரமாக ஒரு வேலை செய்தது. எல்லா வெப்சைட்டிலும் அடியில் 'விதிமுறைகளும் நிபந்தனைகளும்' என்று ஒரு இணைப்பு இருக்குமே, அதற்குள் போனது. அங்கே இதுவரை எந்த உயிரினமும் கால் வைத்ததில்லை. படிக்காமலேயே 'சம்மதம்' என்று அழுத்திவிட்டுப் போவதுதான் காட்டு வழக்கம். முதல் பத்தியில், 'இதன்கீழ் இதனால் அறியப்படும் பயனர் என்பவர்' என்று தொடங்கி முற்றுப்புள்ளியே இல்லாமல் எழுதியது. அதற்கு அடுத்தாற்போல், அதே பழைய பட்டனை, பட்டன் என்றே குறித்து வைத்தது. அப்புறம் இறங்கி வந்து அங்கம்மாளின் காதில் சொன்னது.

வாராந்தர ஆய்வில் வேதமூர்த்தி அந்த இணைப்பின்மேல் விரலை வைத்தது.

"இது என்ன?"

"விதிமுறைகளும் நிபந்தனைகளும்ங்க ஐயா. திறந்து காட்டட்டுமா?"

கீரி விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டது. "எதுக்கும்மா? நல்லா இருக்கு. நல்லா எழுதியிருக்கீங்க."

அங்கம்மாள் தண்ணீர் குடித்தது. அது சொல்லி, கண்ணில் பூ விழுந்த முள்ளம்பன்றி குடித்தது. கை நடுங்குவதால் படத்தின்மேல் குறி வைத்து அழுத்த முடியாத கிழட்டுக் குரங்கும் குடித்தது. அந்த வருஷக் கோடையில் அவர்களில் யாரும் சாகவில்லை. அந்தச் செய்தி எந்த அறிக்கையிலும் வரவில்லை.

அறிக்கையில் வந்தது வேறு. 'அனைவருக்கும் ஏற்ற இணையதளம்' என்ற விருது சிங்கத்தின் படப் பக்கத்துக்கே கிடைத்தது. நடுவராக இருந்த மயில், பக்கத்தைக் கண்ணால் பார்த்தே அது கண் தெரியாதவர்களுக்கும் மிகவும் வசதியாக இருப்பதாகத் தீர்ப்பு எழுதியது. மேடையில் வேதமூர்த்தி மாலை போட்டுக்கொண்டது. செவ்வந்திக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் அங்கம்மாள் நின்றிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றது அங்கம்மாள். "நீ எனக்குச் செஞ்சு குடுத்த பக்கம் அவ்வளவு நல்லா இருக்கே. அதைப் போய் ஏன் ஒளிச்சு வச்சிருக்க?"

"நல்லா இருக்குறதாலதான் பெரியம்மா," என்றது செவ்வந்தி, கைதட்டிக்கொண்டே.

நீதி: எல்லோரும் நுழையக்கூடிய வாசலைக் கட்டினால், அதன்மேல் 'விதிமுறைகளும் நிபந்தனைகளும்' என்று எழுதி வையுங்கள், பெரியவர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.